ஆவி வராத குவியல்

வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் சுருளிக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். அழகர் ஆற்றில் இறங்கிய நாள். மதுரையே வைகையில் குவிந்து கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு ஜிகர்தண்டாவை வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாக நின்றிருக்க வேண்டியவனை, திருப்பரங்குன்றம் தாண்டி இந்த உரக்கிடங்குக்கு இழுத்து வந்தது போதாதா? இரும்புக் கதவுக்குப் பின்னால் போட்டுப் பூட்ட வேறு வேண்டுமா?

"அக்கா, வெளிய தாப்பாப் போட்டுட்டாய்ங்க."

"எனக்கும் காது இருக்கு சுருளி," என்றாள் நாகமணி.

நாகமணிக்கு ஐம்பது வயது. பழங்காநத்தத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் வேறு நிச்சயம் நடந்ததா என்று கல்யாண வீட்டாருக்காக விசாரித்துச் சொல்வதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. சுருளி அவளுடைய உதவியாளன், ஸ்கூட்டர் டிரைவர், வேளை கெட்ட வேளையில் நகைச்சுவை சொல்கிறவன். ஆள் காணாமல் போன கேஸ் அவர்களுக்கு எப்போதாவதுதான் வரும். வந்ததும் இப்படி வந்தது.

காணாமல் போனவர் ஹரிராம், இந்தக் கிடங்கின் இன்ஜினியர். தேடச் சொன்னவர் கிரிதரன், கிடங்கின் முதலாளி. மாடியேறி வந்து, "ஹரி எனக்குக் கூடப்பிறக்காத தம்பிங்க. அவன் சம்சாரம் காவ்யஸ்ரீ கைப்பிள்ளையோட அழுதுகிட்டு நிக்குது. போலீசுக்குப் போனா கம்பெனி பேர் கெட்டுரும். நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுருளியே அன்றைக்கு இளகிப்போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

திருவிழாவுக்காகக் கிடங்குக்கு விடுமுறை. காவலாளிகூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், குழாயடியில் கிடந்த சோப்பு நனைந்திருந்தது. நாகமணி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது. "ஆளில்லாத ஊர்ல யாரு குளிச்சது?" என்று சொல்லி, அங்கேயே நின்று கிரிதரனுக்குப் போன் போட்டாள். "ஆள் இங்கதான் எங்கேயோ இருக்காப்புல தெரியுது, வாங்க" என்றாள். அவரும் உடனே கிளம்புவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் புளோயர் ரூமுக்குள் எட்டிப் பார்க்கப் போனார்கள். எட்டிப் பார்த்த வேகத்தில் கதவு சாத்தியாயிற்று.

"போலீசுக்கு அடிங்க அக்கா."

"இந்த ரூமுக்குள்ள டவர் இல்ல."

"இருந்தா மட்டும்? அம்புட்டுப் போலீசும் ஆத்துக்குள்ள நிக்கிது."

அறை சின்னது. கான்கிரீட் கூரை, தடித்த சுவர். நடுவில் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு புளோயர், அதாவது பெரிய காற்று மிஷின், உறுமிக்கொண்டு ஓடியது. அதிலிருந்து ஒரு தடித்த குழாய் சுவரைத் துளைத்து வெளியே போனது. அந்தக் குழாய்தான் குவியல்களின் அடிவயிற்றுக்குக் காற்றைக் கொண்டுபோகிறது. எதிர்ச் சுவரில் கம்பிவலை அடித்த ஓட்டை ஒன்று. அதன் வழியாகப் பார்த்தால் வெளியே மூன்று குவியல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு லாரி உயரம். சந்தைக் காய்கறிக் கழிவு, ஓட்டல் எச்சில் இலை, கல்யாண மண்டபத்து மாலை எல்லாம் அங்கே வந்து மக்குகின்றன. மேலே போர்வை போர்த்தியிருந்தது. வேலைக்காரப் பெண்கள் அதைப் போர்வை என்றுதான் சொல்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு. காற்றும் நீராவியும் அதைத் தாண்டும், மழைத் தண்ணீரும் நாற்றமும் தாண்டாது என்று கிரிதரன் பெருமையடித்திருந்தார்.

"எங்க மாமனார் வாய்க்கு ஒண்ணு தைக்கணும்," என்று அப்போதே சொல்லியிருந்தான் சுருளி.

இப்போது அவனுக்கு ஜோக் வரவில்லை. கதவைத் தோளால் இரண்டு முறை இடித்தான். தோள்தான் வலித்தது.

மழை பிடித்துக்கொண்டது. சித்திரை மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சடசடவென்று அடித்தது. நாகமணி ஓட்டைக்கு முன்னால் போய் நின்றவள் அசையவே இல்லை. இவளுக்கு வேடிக்கை பார்க்க வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று சுருளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க வா. என்ன தெரியுதுன்னு சொல்லு."

"குப்பை தெரியுது."

"நல்லாப் பாரு."

பார்த்தான். குளிர்ந்த மழை பட்டதும் இடது குவியலின் போர்வையிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது, இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி. வலது குவியலிலும் அப்படியே. நடுக் குவியல் மட்டும் மழையில் நனைந்துகொண்டு சும்மா கிடந்தது.

"நடுவுல ஆவி வரல," என்றான். "அக்கா, அதுக்குள்ள பொணம்தான் இருக்கு. ஹரிராமைக் கொன்னு உள்ள வச்சுட்டாய்ங்க. அடுத்து நம்மதான்."

"மக்குறதுதான் சூடாகும். மனுசன் மக்குவானா, மாட்டானா?"

"மக்குவான்."

"அப்ப ஆவி வரணும்ல. வரல. இது மக்காத சாமான். காய்கறி இல்ல, இலை இல்ல, பொணமும் இல்ல. வேற என்னமோ. இப்ப நிறத்தைப் பாரு."

இரண்டு ஓரத்துப் போர்வைகளும் பச்சை. நடுவில் இருந்தது சாம்பல். வேறு போர்வை என்று நினைத்தான். பிறகு ஓரத்தில் மடங்கிக் கிடந்த இடத்தில் அடியில் பச்சை தெரிந்தது. திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

"வேலை பாக்குற பொம்பளைங்க போட்டிருந்தா பச்சை மேல இருக்கும்," என்றாள் நாகமணி. "அவங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு. இதை அவசரத்துல, யோசிக்காம, பழக்கதோசத்துல ஒருத்தன் போட்டிருக்கான். நான் சாயப்பட்டறை வீட்டுல பிறந்தவ. சுங்குடிச் சேலைய நல்ல முகம் வெயில்ல தெரியுற மாதிரி விரிச்சா எங்கம்மா முதுகுத் தோலை உரிச்சிருவாங்க. நிறம் வெளுத்துரும்ல. தூக்கத்துல விரிச்சாக்கூட எங்க கை நல்ல முகத்தைக் கீழதான் போடும்."

"கிரிதரனும் உங்க சௌராஷ்டிரா ஆளுதானே? அவரா இருந்தா?"

"அவரு சின்ன வயசுலேருந்து ஊட்டி ஹாஸ்டல்ல வளர்ந்தவரு. ஈரத்துணியத் தொட்டிருக்க மாட்டாரு. ஹரிராம் வீடு கீழவாசல். மூணு தலைமுறையாச் சாயத்தொட்டி."

சுருளி வாயைப் பிளந்தான். "ஹரிராமே போட்டதா?"

"அவரேதான். உயிரோட இருக்காரு, இங்கதான் இருக்காரு. சோப்பும் அவருதுதான். நம்மள உள்ள வச்சுப் பூட்டுனதும் அவருதான்."

"நம்ம அவரைக் காப்பாத்த வந்தவங்கக்கா."

"அவருக்கு அப்படித் தெரியலையே. பூட்டுனவரு நெனைச்சிருந்தா பின்னால வந்து மண்டையில போட்டிருக்கலாம். போடல. அப்ப அவரு கொலைகாரன் இல்ல, பயந்தவரு. யாருக்குப் பயப்படுறாரு? நம்மள யாரு அனுப்புனாகளோ அவுகளுக்கு."

சொல்லி முடித்ததும் நாகமணியின் முகம் வெளுத்தது. சுருளி நாலு வருடமாக அவளோடு திரிகிறான். அந்த முகத்தை இப்படி அவன் பார்த்ததில்லை. கிரிதரன் துடைத்துக்கொண்ட கண்ணீர், தான் வாங்கிக் கொடுத்த டீ எல்லாம் அவனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"ஆட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, கசாப்புக்காரனுக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கோம்," என்றான்.

"நான்தான் போட்டேன்," என்றாள் நாகமணி. "அவரு வாரதுக்குள்ள நாம வெளிய போகணும்."

கம்பிவலைக்கு அருகே வாயை வைத்து அவள் சத்தம் போட்டாள். தமிழில் இல்லை, அவர்கள் வீட்டுப் பேச்சில். சுருளிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அதட்டலாக ஆரம்பித்து, நடுவில் கெஞ்சலாகி, கடைசியில் தாய் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் முடிந்தது. நடுக் குவியல் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

உறுமிக்கொண்டிருந்த மிஷின் முனகி, சுற்றி, நின்றது. சத்தம் நின்றதும் காதுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. குழாயிலிருந்து லேசாக ஒரு சூடு முகத்தில் அடித்தது. கூடவே பொதுக் கழிப்பறையை வெந்நீர் ஊற்றிக் கழுவினால் வருகிற மாதிரி ஒரு காரமான வாடை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"போற காத்து நின்னா, வார காத்து வரும்," என்று இருமினாள் நாகமணி. "அம்புட்டுக் குப்பையும் விட்ட மூச்சு இது. போர்வை வழியா மெதுவாப் போகும். இப்ப வழி கெடைச்சிருச்சு, இங்க வருது."

சுருளி சட்டையைக் கழற்றிச் சுருட்டி மிஷின் வாயில் அடைத்தான். பத்தவில்லை. தோளில் கிடந்த துண்டையும் திணித்தான். ஓரமெல்லாம் கசிந்தது. இருவரும் கம்பிவலைப் பக்கம் போய் மூக்கை நீட்டினார்கள். அந்த ஓட்டைக்குள் வருகிற காற்று ஒரு ஆளுக்கே காணாது. நாகமணி அவனை முன்னால் தள்ளினாள், அவன் அவளை முன்னால் தள்ளினான். தலை கிறுகிறுத்தது. தரையில் உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றியது.

"உக்காராத, அடியிலதான் தேங்கும்," என்று அவன் பனியனைப் பிடித்துத் தூக்கினாள்.

சுருளிக்குச் சாவு பயம் வந்தது அப்போதுதான். கொள்ளிவைக்கப் பிள்ளைகூட இல்லை அவனுக்கு. பெரியாஸ்பத்திரியில் கால் வீங்கிக் கிடக்கிற அக்கா மலையம்மாளுக்குச் சாயங்காலம் கஞ்சி கொண்டுவாரேன் என்று சொல்லியிருந்தான். அவள் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருப்பாள். குப்பைக் காற்றில் செத்தான் என்று சொந்த ஊரான விளாச்சேரியில் சொன்னால் எழவு வீட்டிலும் சிரிப்பார்கள்.

"நடுவுல பாரு," என்றாள் நாகமணி.

சாம்பல் போர்வையின் ஓரம் தூக்கியது. மணல் மூட்டை ஒன்று உருண்டது. உள்ளேயிருந்து ஒரு ஆள் ஊர்ந்து வெளியே வந்தான். நாலு நாள் தாடி, சேறு பூசிய பேண்ட், கையில் கடப்பாரை. எழுந்து நின்று புளோயர் ரூமையே பார்த்தான். மிஷின் சத்தம் நின்றதற்கு என்ன அர்த்தம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யாருமில்லை. ஒரு அடி வைத்தான், ரோட்டைத் திரும்பிப் பார்த்தான், நின்றான். அப்புறம் ஓடி வந்தான்.

தாழ்ப்பாள் கழன்றது. இருவரும் வெளியே வந்து மழையில் விழுந்து மூச்சு வாங்கினார்கள். மூச்சு விடுவது இம்புட்டு ருசியான சமாச்சாரம் என்று சுருளிக்கு அதுவரை தெரியாது.

ஹரிராம் கடப்பாரையை ஓங்கியபடியே நின்றான். "யாரு உங்களை அனுப்புனது?"

சுருளி ஒரு பொய்யைத் தயார் பண்ணினான். அதற்குள் நாகமணி முந்திக்கொண்டாள்.

"கிரிதரன். தேடிக் கொடுக்கச் சொன்னாரு, நம்பினேன். நீங்க இங்க இருக்கீங்கன்னு நானே போன்ல சொல்லிட்டேன் தம்பி. வந்துக்கிட்டு இருக்காரு. தப்பு என்னோடது. ஓடுறதா இருந்தா இப்பவே ஓடணும்."

கடப்பாரை மெதுவாகக் கீழே இறங்கியது.

"ஓட மாட்டேங்க்கா. ஓடுனா இதைத் தூக்கிருவாங்க," என்று நடுக் குவியலைக் காட்டினான். போர்வை விலகிய இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் பைகள் தெரிந்தன. ஒன்று கிழிந்திருந்தது. ரத்தம் தோய்ந்த பஞ்சு, குளுக்கோஸ் டியூப், கொத்துக் கொத்தாக ஊசி. "ஆஸ்பத்திரிக் கழிவு. எரிக்கிறேன்னு வாங்கிட்டு வந்து இங்க புதைக்கிறான். போர்வை போட்டா நாத்தம் வெளிய வராது. ஒரு பயலும் கேக்க மாட்டான். நல்ல காரியத்துக்குன்னு நான் வரவழைச்ச போர்வை அது. பிரிச்சுப் பாத்துட்டுக் கேட்டேன். லாரியை விட்டு என்மேல ஏத்த வந்தான். மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டேன். திருவிழா முடிஞ்சு நாளைக்குக் காலையில வாராரு. அதுவரைக்கும் இது இங்க இருக்கணும், நானும் உயிரோட இருக்கணும்."

"வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னா அவளையும் விட மாட்டான்."

சுருளி ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இந்த உரம் விளாச்சேரிக்கு வருமா?"

"போன மாசம் போச்சு. சலிச்சுத்தான் அனுப்புறோம்னு நெனைச்சேன். சலிக்கவே இல்ல."

மலையம்மாள் விளாச்சேரிக் கத்திரிக்காய்த் தோட்டத்தில் எதையோ மிதித்தாள். முள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மஞ்சள் பத்துப் போட்டார்கள். கால் முழங்கால்வரை வீங்கி, விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுருளி உள்ளே போய் மிஷின் வாயிலிருந்து துண்டை உருவிப் போட்டு, சட்டையையும் உருவி மாட்டிக்கொண்டு வந்தான். அவன் ஜோக் சொல்லாமல் இருப்பது நாகமணிக்கு நல்லதாகப் படவில்லை.

வெளியே டவர் கிடைத்தது. நாகமணி போலீசுக்குப் பேசினாள். அனுப்புகிறோம், கூட்டத்தைத் தாண்டி வண்டி வரணும் என்றார்கள். போனை வைப்பதற்குள் கேட் பக்கம் கார் வெளிச்சம் திரும்பியது.

ஹரிராமும் சுருளியும் அறையின் பின்சுவருக்குப் பதுங்கினார்கள். நாகமணி மட்டும் நனைந்தபடி முன்னால் நின்றாள். கிரிதரன் குடை இல்லாமல் இறங்கினார்.

"எங்க இருக்கான்?"

"உள்ள மயங்கிக் கிடக்காரு," என்று நாகமணி அறையைக் காட்டினாள்.

"நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கிறேன்."

கார் டிக்கியைத் திறந்தார். மயங்கிக் கிடக்கிறவனுக்குத் தண்ணீர் பாட்டில் எடுப்பார் என்று ஒரு நல்ல மனது நினைக்கலாம். அவர் எடுத்தது அரிவாள். எடுத்ததை மறைக்கக்கூட இல்லை, கயிறு அறுக்க என்றார். யாரும் யாரையும் கட்டி வைத்திருப்பதாக நாகமணி சொல்லவே இல்லையே. இருட்டான அறைக்குள் அவர் இரண்டு எட்டு வைத்ததும், சுருளி பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

உள்ளே அரிவாள் இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. கெட்ட வார்த்தைகள் கேட்டன. பிறகு இருமல். கரண்டு இன்னும் வரவில்லை, குழாயும் இப்போது அடைத்திருக்கவில்லை.

"நாகமணியம்மா, கதவைத் திறங்க. மூச்சு முட்டுது. நான்தானே உங்களைத் தேடச் சொன்னேன்."

"அதான் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டோமே," என்றாள் நாகமணி. ஆனால் குரலில் தெம்பில்லை. திறந்தால் அரிவாள் வரும், திறக்காவிட்டால் உள்ளே இருப்பவர் செத்துவிடுவார். சற்று முன் அவள் சிக்கியிருந்த அறைதான் அது.

ஹரிராம் சுவரோரம் ஓடினான். குழாய் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. "இங்க ஒரு இணைப்பு இருக்கு. கழட்டிட்டா வாயு வெளிய போயிரும், உள்ள போகாது. ஒத்தை ஆளால இழுக்க முடியாது. முடிஞ்சிருந்தா உங்களுக்கே கழட்டியிருப்பேன். தம்பி, ஒரு கை பிடிங்க."

சுருளி நகரவில்லை.

"எங்கக்கா காலு அழுகிக் கிடக்குண்ணே," என்றான். "கெடுவான் கேடு நினைப்பான். கெடட்டும்."

இருமல் கதவுக்கு அடியிலிருந்து வந்தது. ஆள் தரையில் சாய்ந்துவிட்டது போலிருந்தது.

ஹரிராம் தனியாகவே ஒரு மூட்டையைப் புரட்டினான். நாலு நாள் பட்டினி கிடந்த உடம்பு, வழுக்கிச் சேற்றில் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே பேசினான். "எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்துச்சு, எந்தெந்த ஊரு வயலுக்குப் போச்சுன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். விளாச்சேரிக்குப் போனதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது தம்பி. உங்க அக்கா ஒரு ஆளுக்குக் காலு போச்சுன்னு நமக்குத் தெரியும். இன்னும் எம்புட்டுப் பேரு வெறுங்காலோட நடந்துக்கிட்டு இருக்காங்கன்னு இவன் சொன்னாத்தான் தெரியும். செத்தவன் என்னத்தச் சொல்லுவான்?"

சுருளி முகத்தைத் துடைத்தான். மழையா வேறெதுவா என்று நாகமணி பார்க்கவில்லை. அவன் போய் ஹரிராமைத் தூக்கி நிறுத்தினான். மூட்டையை ஒரே உதையில் தள்ளினான். குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"இழுங்கண்ணே," என்றான்.